கையெழுத்து வாங்குகிறவள்

பத்திர ஆபீஸ் வராந்தாவில் தம்பி அண்ணனின் காதைக் கடித்தான். பல் பட்டுப் போன கடி அல்ல, காது மடலின் நுனி அவன் வாயோடு வந்துவிட்டது. பத்திரம் எழுதுகிறவர் தன் மேசையைத் தூக்கிக்கொண்டு ஓடினார். சாட்சிக் கையெழுத்துக்கு வந்தவர்கள் மாடிப்படிக்குத் தாவினார்கள். அண்ணன், கழுத்து வரை ரத்தம் வழிய, தம்பியின் தலைமுடியைக் கொத்தாகப் பிடித்து ஜன்னல் கம்பியில் மோதினான். ஒருமுறை, இன்னொருமுறை. கூட்டம் வட்டம் கட்டி, கைபேசிகளை உயர்த்திப் பிடித்தது.

அந்த வட்டத்தை முழங்கையால் பிளந்துகொண்டு ஒரு பெண்மணி உள்ளே போனார். ஐம்பதைத் தாண்டிய, கட்டை குட்டையான உருவம். தோளில் பத்திர நகல்கள் பிதுங்கும் பை. அந்தப் பையாலேயே தம்பியின் முதுகில் ஒன்று போட்டார், அண்ணனின் முட்டியில் ஒன்று.

"கடிச்சது போதுமா, இன்னும் பசிக்குதா?" என்றார் தம்பியிடம். "உள்ள ஆபீசர் எழுந்திரிக்கப் போறாரு. வாயத் தொடச்சுக்கிட்டு வந்து கையெழுத்தப் போடு. நீயும் வாப்பா, கர்ச்சீப்ப அழுத்திப் பிடி. பத்திரத்துல ரத்தம் பட்டா செல்லாது."

செல்லாது என்பது அவர் அந்த நிமிடத்தில் இயற்றிய சட்டம். ஆனால் இருவரும் நம்பினார்கள். ஒருவன் காதைப் பொத்திக்கொண்டும், ஒருவன் துப்பிக்கொண்டும் உள்ளே போய் அடுத்தடுத்து நின்று கையெழுத்துப் போட்டார்கள். அதற்குப் பிறகுதான் ஆஸ்பத்திரி.

ஊரில் அவரைக் கையெழுத்தக்கா என்பார்கள். வீட்டுத் தரகர்கள் அங்கே தெருவுக்கு நாலு பேர். காலி வீட்டைத் திறந்து காட்டி, தண்ணீர் வருமா, வெயில் வருமா, பக்கத்து வீட்டுக்காரன் எப்படி என்ற கேள்விகளுக்குச் சிரித்துக்கொண்டே பொய் சொல்ல யாராலும் முடியும். அக்காவிடம் வருவதெல்லாம் மற்றவர்கள் கைகழுவிய வீடுகள். ஐந்து வாரிசுகளில் நாலு பேர் சம்மதித்து ஒருவர் முறுக்கிக்கொண்ட வீடு. பாதிப் பங்குக்காரர் கோபித்துக்கொண்டு எங்கோ போய்விட்ட வீடு. போனவரைத் தேடிப் பிடித்து, பேசிக் கரைத்து, பேனாவைக் கையில் கொடுத்துப் போட வைப்பதில் அவரை மிஞ்ச ஆளில்லை. முன்பு பஸ் கம்பெனியில் டிக்கெட் கவுன்டரில் இருந்தவர். வரிசையில் நிற்கிற முகத்தைப் பார்த்தே யார் ஊருக்குப் போகிறார், யார் ஊரை விட்டுப் போகிறார் என்று சொல்வார் என்பார்கள்.

தொழில் அவர் உடம்பில் எழுதிவைத்திருந்தது. நெற்றியில் ஒரு கோணல் தழும்பு, சொத்தில் பங்கு கிடையாது என்று கேள்விப்பட்ட ஒரு மருமகன் வீசிய பூட்டு. மேல்வரிசையில் இரண்டு பல் சொந்தமில்லை, வாடகைக்கு இருந்தவன் காலி செய்ய மறுத்துக் கதவை முகத்தில் அறைந்தது. இடது கெண்டைக்காலில் நாய்க்கடி, அது நாயை அவிழ்த்து விட்டவளின் கடி என்றுதான் அக்கா சொல்வார். வீட்டில் அவருடைய கணவர், மின்மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றுகிறவர், அக்கா படியேறும் சத்தம் கேட்டதும் தலை நிமிராமல் கேட்பார்:

"இன்னைக்கு எங்க?"

"தோள்ல."

"மருந்து ரெண்டாவது தட்டுல இருக்கு. யாரு, வாங்குறவனா விக்கிறவனா?"

"விக்கிறவன். வாங்குறவன் என்னைக்கு அடிச்சான்? அவன் கேள்வி கேட்டே கொல்லுவான்."

அக்காவுக்கு இதிலெல்லாம் வருத்தம் கிடையாது. அவருக்கென்று ஒரு சித்தாந்தம் இருந்தது. வீட்டுச் சண்டை என்பது பழுத்த கட்டி. உடைகிற வரைக்கும்தான் குத்தல். உடைந்து, சீழ் வெளியே வந்து, ஆளுக்கொரு கையெழுத்துப் போட்டுவிட்டால் அன்று மாலையே இருவரும் ஒரே கடையில் டீ குடிப்பார்கள். "அடிச்ச கைதான் சீக்கிரம் கையெழுத்துப் போடும்," என்பார். "பேசாம இருக்கான் பாரு, அவன்தான் இழுத்தடிப்பான்." வருஷக்கணக்கில் இது பலித்தது. பலித்துக்கொண்டே இருந்த ஒன்றை யார்தான் சந்தேகப்படுவார்கள்?

வெல்டர் வந்தது ஒரு மதியம். நல்ல உயரம், வெளுத்த சட்டை, குரலில் பணிவு. கேட் செய்கிற பட்டறை சொந்தமாக வைத்திருந்தான். மாடி வீடு ஒன்றை விற்க வேண்டும். பத்திரம் அவன் பெயரிலும் மனைவி பெயரிலும் பாதிப்பாதி. மனைவி பேசாமல் கொள்ளாமல் போய்விட்டாள்.

"எங்க போனாங்கன்னு தெரியாதா தம்பி?"

"தெரிஞ்சா உங்ககிட்ட வருவேனாக்கா? அவ அம்மா வீட்லயும் இல்ல. போன வருஷமே போயிட்டா. நானும் தேடாத இடமில்ல."

"சண்டையா?"

"எந்த வீட்ல இல்ல? அவளுக்கு ஒரு கால் வேற கொஞ்சம் கட்டை. மாடிப்படில விழுந்துட்டா. அதுலேருந்தே மனசு சரியில்ல." கைகளைக் கட்டிக்கொண்டு நின்றான். "அவ பங்க அவளுக்குக் குடுத்துடறேங்க்கா. ஒரு கையெழுத்து. அதுக்கப்புறம் அவ வழி அவளுக்கு."

அக்காவின் காதில் கடைசி வாக்கியம் தேனாக இறங்கியது. இப்படிப் பேசுகிற கணவனை அவர் அதிகம் பார்த்ததில்லை.

வாங்குகிற ஆட்களும் சீக்கிரமே அமைந்தார்கள். ஒரு நர்ஸும், வேன் ஓட்டும் அவள் கணவனும். டிரைவருக்கு வேன் நிறுத்த இடம் இருந்தால் போதும். நர்ஸ் அப்படியல்ல. குழாய்களைத் திறந்து பார்த்தாள், சுவரைத் தட்டினாள், மாடி ஏறி இறங்கினாள், பக்கத்து வீட்டுக் கழிவுநீர் எந்தப் பக்கம் போகிறது என்று குனிந்து பார்த்தாள். கடைசியில் குளியலறைக் கதவில் கை வைத்து நின்றாள்.

"ஒரு சந்தேகம். வீடு பழசு. ஜன்னல் பழசு, நிலை பழசு. கதவு மட்டும் எல்லாம் புதுசா இருக்கே? ஸ்டோர் ரூம்கூட?"

"கரையான்," என்றான் வெல்டர்.

"ஜன்னலையும் நிலையையும் விட்டுட்டுக் கதவ மட்டும் தின்ன கரையானா?"

டிரைவர் சிரித்தான். "நாக்கு நீளமான கரையான் போல."

நர்ஸ் சிரிக்கவில்லை. கதவை உள்ளே போய்ச் சாத்தினாள், உடனே திறந்துகொண்டு வெளியே வந்தாள். அடுத்த அறைக்குப் போய் அதையும் அப்படியே செய்தாள். "ஒரு கதவுலயும் உள்ளே தாழ்ப்பாள் இல்ல. பாத்ரூம்ல கூடவா?"

"வாங்கி வெச்சிருக்கேன். பொருத்தணும்."

அக்கா இடையில் புகுந்தார். புகுவதுதானே தொழில். "பட்டறைக்காரர் வீடும்மா. ஊருக்கெல்லாம் கேட் செய்வாரு, தன் வீட்டுத் தாழ்ப்பாளுக்கு நேரம் இருக்காது. டெய்லர் சட்டைல பொத்தான் இருக்காதுன்னு சொல்வாங்கல்ல?"

ஸ்டோர் ரூமில் பழைய சாக்கின் மேல் ஒரு தெருப் பூனை படுத்திருந்தது. வெல்டர் தண்ணீர்த் தொட்டி எத்தனை பேருக்குத் தாங்கும் என்று சொல்லிக்கொண்டே குனிந்து அதன் பிடரியைப் பிடித்துத் தூக்கினான். சொல்லிக்கொண்டே நடந்து, மாடி ஜன்னலுக்கு வெளியே அதை ஓங்கி எறிந்தான். கீழே சிமெண்டுத் தரையில் ஈரத்துணியை அடித்ததுபோல ஒரு சத்தம் கேட்டது. "...நாலு பேருக்குத் தாராளமாப் போதும்," என்று வாக்கியத்தை முடித்தான். குரல் ஒரு இழை ஏறவில்லை.

டிரைவரின் சிரிப்பு பாதியில் நின்றது. நர்ஸ் அக்காவைப் பார்த்தாள். அக்கா பார்வையைத் திருப்பிக்கொண்டார். கோபக்காரன், வீடு கையை விட்டுப் போனால் எல்லாம் தணியும் என்று எண்ணிக்கொண்டார். கத்துகிறவர்களை மட்டுமே அவருக்குப் படிக்கத் தெரியும். கத்தாமல் செய்கிறவனைப் படிக்க அவரிடம் பாடமில்லை.

"அவங்க கையெழுத்து வரட்டும், அப்புறம் பேசலாம்," என்றாள் நர்ஸ் படியிறங்கும்போது. "வந்தா, ஏன் போனாங்கன்னும் ஒரு வார்த்தை கேளுங்க."

தேடுவதில் அக்காவுக்கு ஒரு வழி உண்டு. உறவினர்களிடம் போகமாட்டார். அவர்களுக்குத் தெரிந்திருந்தாலும் சொல்லமாட்டார்கள், சொன்னாலும் பொய். ஓடிப்போகிறவர்கள் சொந்தத்தை விடுவார்கள், போன் நம்பரை விடுவார்கள், உடம்புக்குப் பழகின ஒன்றை மட்டும் விடமாட்டார்கள். ஒருமுறை, குறிப்பிட்ட பல்வைத்தியரை விட்டு வேறொருவரிடம் போகாத ஒரு மாமனாரை அப்படித்தான் பிடித்தார். ஒரு கால் கட்டை என்றதுமே அவர் மனம் செருப்புக் கடைக்குப் போய்விட்டது.

ஒரு காலுக்கு மட்டும் தடித்த அடி வைத்துச் செருப்புச் செய்கிறவர் அந்த ஊரில் ஒரே ஒருவர்தான். அக்கா போனபோது ஆணிகளை வாயில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"எனக்கு யாரையும் தெரியாது," என்றார் ஆணிகளுக்கு இடையிலிருந்து.

"நான் இன்னும் யாருன்னே கேக்கலையே அண்ணே."

அவர் ஆணிகளை உள்ளங்கையில் துப்பினார். "அவரு அனுப்பினாரா?"

"அவங்க பங்கு அண்ணே. பாதி வீடு. பொம்பள தனியா எங்கயோ கஷ்டப்படறாங்க, அவங்களுக்குச் சேர வேண்டியது சேர வேணாமா? நான் என்ன கூட்டிட்டுப் போய் அவர்கிட்ட விடவா போறேன்? ஒரு கையெழுத்து."

அது அவருடைய உள்ளத்திலிருந்து வந்த வார்த்தை. அதனால்தான் வேலை செய்தது. செருப்புக்காரர் கொஞ்ச நேரம் தோலைப் புரட்டிக்கொண்டிருந்தார். பிறகு, பஸ்ஸில் பார்சல் போட்டு அனுப்புகிற ஊரைச் சொன்னார். ஆஸ்பத்திரித் துணிகளை வெளுக்கிற ஒரு பெரிய சலவை நிலையம். "கால் எப்படிப் போச்சுன்னு சொன்னாரு?"

"மாடிப்படில விழுந்தாங்களாம்."

"ஓ," என்றார் அவர். ஆணிகளை மறுபடி வாயில் வைத்துக்கொண்டார்.

அன்று மாலையே அக்கா வெல்டருக்குப் போன் செய்தார். அது தரகர்களின் பழக்கம். தேடிய ஆள் கிடைத்த நிமிடமே கட்சிக்காரருக்குச் சொல்லிவிட வேண்டும். தாமதித்தால் வேறொரு தரகன் மூக்கை நுழைத்து, கண்டுபிடித்தது நான்தான் என்பான். முட்டையிட்ட கோழி கொக்கரிக்காமல் இருக்காது. ஊர்ப் பெயரைச் சொன்னார், சலவை நிலையத்தைச் சொன்னார், நாளைக் காலை பஸ்ஸில் தானே போய்ப் பேசுவதாகவும் சொன்னார்.

"ரொம்ப நன்றிக்கா," என்றான் வெல்டர். "உங்கள மாதிரி யாராலயும் முடியாதுன்னு சொன்னாங்க. சரியாத்தான் சொல்லியிருக்காங்க."

அக்கா அந்தப் பாராட்டைக் கணவரிடம் சொல்லிச் சிரித்தார்.

சலவை நிலையம் ஒரு பழைய கிடங்கு. உள்ளே ஆள் உயர இயந்திரங்கள் துணியைச் சுழற்றிச் சுழற்றி அறைந்தன. யார் கூப்பிட்டாலும் காதில் விழாத இரைச்சல். ரத்தக்கறை படிந்த விரிப்புகள் ஒரு பக்கம் மலையாகக் கிடந்தன, வெளுத்தவை இன்னொரு பக்கம் அடுக்கியிருந்தன. ஈரத்துணி ஏற்றிய சக்கர வண்டிகளை இரண்டிரண்டு பெண்கள் சேர்ந்து தள்ளினார்கள். மேற்பார்வை பார்க்கிற அம்மாளை எல்லோரும் இஸ்திரி என்று கூப்பிட்டார்கள். உடம்பில் ஒரு சுருக்கம் இல்லாமல் புடைத்த ஆகிருதி.

இஸ்திரியம்மா காட்டிய மூலையில், விரிப்புகளை மடித்துக்கொண்டு, ஒரு தோள் தாழ்ந்த ஒரு மெலிந்த பெண் நின்றிருந்தாள். அக்கா சொன்னதை நடுவில் குறுக்கிடாமல் கேட்டாள். வீடு, பங்கு, கையெழுத்து. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று கேட்டாள்.

"நான் இங்க இருக்கறது அவருக்குத் தெரியுமா?"

அக்கா எத்தனையோ கேள்விகளுக்குச் சிரித்துச் சமாளித்தவர். இதற்குத் தோள்பையின் வாயை இழுத்து மூடினார்.

"சொல்லிட்டீங்களா?"

"நேத்து... ஊர் பேரு மட்டும்... இந்த இடத்தையும்..."

அந்தப் பெண் கத்தவில்லை. மடித்த விரிப்பை அடுக்கின்மேல் வைத்தாள். "அந்த வீட்ல கதவெல்லாம் பாத்தீங்களா?" என்றாள். "ஒவ்வொரு கதவும் நான் உள்ள போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கிட்ட கதவு. ஒவ்வொண்ணா உடைச்சாரு. உடைச்சிட்டு அவரே புதுசு செஞ்சு மாட்டினாரு, தாழ்ப்பாள் இல்லாம. கடைசியா இருந்தது ஸ்டோர் ரூம். அத உடைக்கும்போது கீழ விழுந்து கெடந்தேன். காலப் பட்டறை சுத்தியலால அடிச்சாரு. இனிமே ஓடறதுக்குக் கால் வேணாம்னு. அடிச்சிட்டு அவரே தூக்கிட்டுப் போய் ஆஸ்பத்திரில சேத்தாரு. படிக்கட்டுன்னு சொன்னாரு."

அக்காவுக்கு நர்ஸின் முகம் நினைவுக்கு வந்தது. அதற்கு மேல் நினைக்க நேரம் இருக்கவில்லை.

லாரிகள் வந்து நிற்கும் பக்கவாசலில் காவலாளி சரிந்து விழுந்தார். அவர் நெற்றியிலிருந்து ரத்தம் பீறிட்டதை எல்லோரும் பார்த்தார்கள், அலறல் மட்டும் இயந்திர இரைச்சலில் யாருக்கும் கேட்கவில்லை. வெளுத்த சட்டையில் சிவப்புத் தெறித்திருக்க, கையில் சுத்தியலோடு, வெல்டர் உள்ளே வந்தான். ஓடிவரவில்லை. வரிசையில் தன் முறைக்குக் காத்திருப்பவன் போல நடந்து வந்தான்.

இஸ்திரியம்மா இருவரையும் விரிப்பு அறைக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினார். அந்தப் பெண்ணின் கை தானாகத் தாழ்ப்பாளுக்குப் போனது. போட்டாள், போட்டதை இழுத்துப் பார்த்தாள், மறுபடி இழுத்துப் பார்த்தாள். பிறகு அடுக்குகளுக்கு நடுவே குந்தி, தலையைக் கைகளால் மூடிக்கொண்டாள். எத்தனையோ முறை செய்து பழகியவளின் வேகம் அது.

முதல் அடியிலேயே கதவின் ஒட்டுப்பலகை விரிசல் விட்டது.

அக்கா தனக்குத் தெரிந்த ஒரே வித்தையைச் செய்தார். கதவில் முதுகைக் கொடுத்து நின்று, பேச ஆரம்பித்தார்.

"தம்பி, கொஞ்சம் பொறு. அவங்க போடறேன்னு சொல்லிட்டாங்க. பங்குகூட வேணாமாம். முழு வீடும் உனக்கே. சுத்தியலக் கீழ போடு, நான் பத்திரம் வெச்சிருக்கேன், இப்பவே..."

அடி நின்றது. கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து, அதே பணிவான குரல், வெகு அருகில் கேட்டது.

"வீடு யாருக்குக்கா வேணும்? வீட்ட விக்கறதுக்கா உங்ககிட்ட வந்தேன்? ஒரு வருஷம் தேடினேன், கெடைக்கல. காணாமப் போனவங்கள நீங்கதான் கண்டுபிடிப்பீங்கன்னு ஊர்ல சொன்னாங்க. சும்மா தேடிக் குடுன்னா குடுப்பீங்களா? அதான் வீடு விக்கறதுன்னு போர்டு மாட்டினேன்."

தன் தொழில் வாழ்க்கையில் அக்கா பேரம் பேசாமல் விட்ட சண்டையே இல்லை. இங்கே பேரமே இருந்ததில்லை. விற்பனைக்கு வந்தது வீடல்ல, குந்தியிருக்கிறாளே அவள்தான். விலை பேசி ஒப்படைத்ததும் தானேதான்.

அடுத்த அடியில் பலகை பிளந்து, சுத்தியல் உள்ளே வந்தது. பின்னாலேயே ஒரு கை வந்து தாழ்ப்பாளைத் துழாவியது. அக்கா திரும்பி அந்தக் கையை இரண்டு கைகளாலும் பிடித்துக் கீழே முறுக்கினார். ஓட்டை வழியே அவனுடைய மறுகையின் சுத்தியல் இறங்கியது. வலது முன்கையில் எலும்பு ஒடிந்த சத்தத்தை அவரே கேட்டார். விடவில்லை. மறுபடி இறங்கியது, இந்த முறை தோளில். கண் இருண்டது. அப்போதும் தாழ்ப்பாளின் மேல் உடம்போடு விழுந்து கிடந்தார்.

வெளியே இஸ்திரியம்மா சத்தம் போட்டு நேரத்தை வீணாக்கவில்லை. கை காட்டினார். நனைந்த விரிப்புகள் முட்ட முட்ட ஏற்றிய வண்டி ஒன்றை நாலு பெண்கள் கிடங்கின் மறுகோடியிலிருந்து தள்ளிக்கொண்டு ஓடிவந்தார்கள். இரும்புச் சக்கரமும் ஈரப்பாரமும் சேர்ந்து அது வெல்டரின் இடுப்பில் மோதி, நிலைக்கால் மேல் அவனை அப்பியது. மூச்சு ஒரு விக்கலாக வெளியே வந்தது. பெண்கள் நிறுத்தவில்லை. பின்னால் இழுத்து, மறுபடி தள்ளினார்கள். விலா எலும்புகள் முறிந்தன. சுத்தியல் தரையில் உருண்டது. அவன் சரிந்ததும் வண்டியை விட்டுவிட்டுக் கைக்குக் கிடைத்ததையெல்லாம் எடுத்துக்கொண்டு மேலே விழுந்தார்கள். நீர்க்குழாய், மரக்கட்டை, கால், நகம். கறையை வெளுத்து வெளுத்துக் காய்த்துப்போன கைகள் அவை.

"போதும்டி," என்றார் இஸ்திரியம்மா கடைசியில். "செத்தான்னா அந்தத் துணியும் நம்மகிட்டதான் வரும்."

உடைந்த கதவைத் தள்ளிக்கொண்டு அந்தப் பெண் வெளியே வந்தாள். அவன் மல்லாந்து கிடந்தான், ஒரு கண் வீங்கி மூடியிருந்தது, மற்றொன்று அவளைப் பார்த்தது. ரத்தம் நிறைந்த வாயால் சிரிக்க முயன்றான். "வீட்டுக்கு வா," என்றான்.

அவள் குனிந்து சுத்தியலை எடுத்தாள். எல்லோரும் அப்படியே நின்றார்கள். அக்கா நிலையைப் பிடித்துக்கொண்டு எழுந்திருந்தார், அவளுக்கும் அவனுக்கும் நடுவே இரண்டு எட்டில் போய் நின்றிருக்க முடியும். இடையில் போய் நிற்பதே அவருடைய பிழைப்பு. அன்று நிற்கவில்லை.

அவள் அவனுடைய வலது பாதத்தில் அடித்தாள். ஒரே அடி. பிறகு சுத்தியலை அழுக்குத் துணிகளின் குவியலில் எறிந்துவிட்டுக் கை கழுவப் போனாள்.

போலீஸ் வந்து விசாரித்தபோது, கால் எப்படிச் சிதைந்தது என்று அதிகாரி ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகக் கேட்டார்.

"வண்டி ஏறிடுச்சு சார்," என்றார் இஸ்திரியம்மா.

"வண்டி ஏறிடுச்சு சார்," என்றாள் வண்டி தள்ளியவள்.

"வண்டிதான் சார்," என்றார் தலையில் கட்டோடு காவலாளி. அவர் அப்போது மயக்கத்தில் கிடந்தவர்.

அக்காவிடம் வந்தார். கை தொங்கிக்கொண்டிருந்தது, முகம் வெளிறியிருந்தது. "நீங்க படிச்சவங்க, சொல்லுங்கம்மா."

"சக்கரத்துக்கு எண்ணெய் போடணும் சார். பிரேக் பிடிக்க மாட்டேங்குது."

அன்று மாலை வீட்டில் கணவர் வழக்கம்போல "இன்னைக்கு எங்க?" என்று கேட்டுவிட்டு நிமிர்ந்தார். மாவுக்கட்டைப் பார்த்தார். முகத்தையும் பார்த்தார். அதற்குப் பிறகு அந்தக் கேள்வியை அவர் கேட்டதேயில்லை.

நர்ஸ் போன் செய்தாள். விஷயம் அதற்குள் ஊர் முழுக்கப் பரவியிருந்தது. "அந்தக் கதவுகளப் பாத்தப்பவே தெரிஞ்சுது எனக்கு. வார்டுல பாக்கறேனே, படிக்கட்டுல விழுந்தவங்கள." நான் சொல்லியிருக்கலாம் என்று அவளும் சொல்லவில்லை, நான் கேட்டிருக்கலாம் என்று அக்காவும் சொல்லவில்லை. பிறகு நர்ஸ், "அவங்களுக்கு விக்கிற எண்ணம் இருந்தா இப்பவும் நாங்க வாங்கிக்கறோம். சுவத்து மேல என்ன தப்பு?" என்றாள்.

அந்தப் பெண்ணுக்கு விற்கிற எண்ணம் இருந்தது. அந்த வீட்டின் ஒரு செங்கல்லும் தன் பெயரில் இருக்கக்கூடாது என்றாள். வருகிற பங்கில் காலுக்கு ஆபரேஷன் செய்துகொள்ளலாம், டாக்டர் நடை கொஞ்சம் நேராகும் என்றிருக்கிறார். எல்லாம் சரி. ஆனால் இப்போது குறைவது அவனுடைய கையெழுத்து.

அதை வாங்க ஜெயிலுக்குப் போனது அக்காதான். வேறு யாரையும் அனுப்பச் சம்மதிக்கவில்லை.

கம்பி வலைக்கு அந்தப் பக்கம் அவனைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்தார்கள். கால் முழுக்கக் கட்டு. சட்டை மட்டும் எப்படியோ வெளுப்பாக இருந்தது. அக்கா பத்திரத்தை இடது கையால் வலையின் இடுக்கில் நீட்டினார்.

"வாங்கறவங்க ரெடி. பாதி உன் பேருக்கு வரும். வக்கீலுக்கு வேணும்ல உனக்கு."

அவன் பத்திரத்தைப் பார்க்கவே இல்லை. "கை எப்படிக்கா இருக்கு?"

"இருக்கு."

"எனக்கு உங்க மேல கோவமே இல்ல. நீங்கதான கண்டுபிடிச்சுக் குடுத்தீங்க. என் பக்கத்து ஆளு நீங்க." வலையில் நெற்றியை வைத்தான். "போடறேன். இப்பவே போடறேன். அவ ஒரு தடவை இங்க வரணும். வந்து, எதிர்ல உக்காந்து, போடுங்கன்னு அவ வாயால கேக்கணும். அவ்வளவுதான். இவ்வளவு பேரு, போலீசு, நடுவுல வலை. நான் என்ன செஞ்சிட முடியும்? நீங்க சொன்னா கேப்பா. உங்க வாய்க்கு இந்த ஊர்ல கேக்காதவங்க யாரு?"

பழைய அக்காவாக இருந்தால், இந்த நிபந்தனையைக் கேட்டதும் எழுந்து ஓடியிருப்பார். இதைவிட மோசமான செய்திகளையெல்லாம் அவர் கொண்டுபோயிருக்கிறார். ஒரே ஒரு தடவை வந்துட்டுப் போம்மா, பெரிய மனசு பண்ணும்மா, உனக்கு ஆக வேண்டிய காரியம்தானே. இந்த வார்த்தைகளைச் சொல்லிச் சொல்லி அவர் நாக்கு வழவழத்துப் போயிருந்தது. அப்படி எத்தனை பெண்களை எத்தனை அறைகளுக்குக் கூட்டிப்போய் உட்காரவைத்தோம் என்று முதல்முறையாக அவருக்குத் தோன்றியது. அவர்கள் கையெழுத்துப் போட்டதைத்தான் பார்த்திருக்கிறார். வீடு திரும்பியதைப் பார்த்ததில்லை.

பத்திரத்தை இடுக்கிலிருந்து இழுத்து மடித்தார்.

"அக்கா, சொல்லுவீங்கல்ல?"

அவர் எழுந்து நடந்தார். பின்னால் வலை அதிர்ந்தது. மோதியது கையா, தலையா என்று தெரியவில்லை. முதல்முறையாக அவன் கத்துவது கேட்டது. காவலர்கள் ஓடினார்கள். அக்கா திரும்பவில்லை.

வெளியே, எதிர்ச் சாரியில் பஸ் நிழற்குடையின் கீழ், அந்தப் பெண் காத்திருந்தாள். உள்ளே வர வேண்டாம், தெருவுக்கு இந்தப் பக்கம்கூட வர வேண்டாம் என்று அக்கா சொல்லியிருந்தார். தூரத்திலிருந்தே அக்காவின் முகத்தைப் பார்த்துப் புரிந்துகொள்ள முயன்றாள்.

"போடலியா?"

"இல்ல."

"ஏதாவது கேட்டாரா? எதாவது செஞ்சா போடறேன்னு சொல்லுவாரே. அப்படித்தான் சொல்லுவாரு." அவள் குரல் மெல்லிசாயிற்று. "நான் போய் ஒரு வார்த்தை கேட்டா முடிஞ்சிரும்னா, கேட்டுடறேன்க்கா. நர்ஸம்மா எவ்வளவு நாள் காத்திருப்பாங்க? நடுவுல ஆளுங்க இருப்பாங்கல்ல?"

ஒரு வார்த்தை. அதைச் சொன்னால் நாளைக்கே பத்திரம் முடிந்துவிடும். அவளுக்கு ஆபரேஷன், நர்ஸுக்கு வீடு, தனக்குக் கமிஷன்.

"ஒண்ணும் கேக்கல," என்றார் அக்கா. "ஒண்ணுமே சொல்லல. மாட்டேன்னுட்டான், அவ்வளவுதான்."

"அப்போ?"

"கேஸ் போடுவோம். கோர்ட்டு பிரிச்சுக் குடுக்கும்."

"அது வருஷக்கணக்கா இழுக்குமேக்கா."

"இழுக்கட்டும்."

பஸ் வந்தது. ஏறும்போது அந்தப் பெண் கைப்பிடியை எட்டுவதற்காக ஒரு பக்கம் சாய்ந்தாள். அக்கா அவளுக்குப் பின்னால், ஜெயில் வாசல் அவள் கண்ணில் படாதபடி மறைத்துக்கொண்டு, ஏறினார்.